விடுதலை வக்கீலின் கொலைகாரர்கள்

கொலைகாரனைத் தானே படைத்து, தானே பிடித்து, கடைசி அத்தியாயத்தில் தானே வெளியே விட்டுவிடும் எழுத்தாளர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் அருப்புக்கோட்டைக்காரர். கோர்ட்டுக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருந்த நான், அவருடைய நாவல்கள் அத்தனையையும் கம்ப்யூட்டரில் அடித்தவள். அதனால் இதைச் சத்தியப் பிரமாணமாகவே சொல்கிறேன்.

ஊருக்கு அவர் விடுதலை வக்கீல். இருபது வருடம் கறுப்புக் கோட்டு போட்டவர், ஒருநாள் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் க்ரைம் நாவல் எழுதப்போவதாக அறிவித்தார். ஏன் சார் என்றேன்.

"கோர்ட்டுல நாலு கேள்வி கேக்குறதுக்குள்ள ‘போதும், உக்காருங்க’ங்குறாக தாயி. நாவல்ல எந்த நீதிபதி என்னைய உக்காரச் சொல்லுவாரு?"

ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

முதல் நாவலில் பஞ்சு குடோனில் கொலை. பக்கத்து விசைத்தறிக் கூடத்து நெசவாளி அலறலைக் கேட்டு ஓடிப்போய், கொலைகாரனைக் கத்தியும் கையுமாகப் பார்த்துவிடுகிறார். இனி இவன் தப்ப முடியாது என்று நான் நிம்மதியாக அடித்துக்கொண்டிருந்தேன். கடைக்குள் நடந்துகொண்டே சொல்லிவந்த வக்கீல் திடீரென்று நின்றார்.

"ஏய்யா, பன்னெண்டு தறி தடதடன்னு ஓடையில ஒங்களுக்கு மட்டும் அலறல் எப்படிய்யா கேட்டுச்சு?" என்று சாட்சியைப் பார்த்து, அதாவது என் பிரிண்டரைப் பார்த்து, உறுமினார். சாட்சி உளறிக் கொட்டினார். சந்தேகத்தின் பலன் கொலைகாரனுக்குப் போனது. விடுதலை!

எட்டு நாவலிலும் இதேதான். வாய்தா மட்டும் நாவலுக்கு நாவல் கூடியது.

எட்டையும் வேண்டாமென்ற சென்னைப் பதிப்பாளர் ஒருநாள் போனில் வந்தார். வக்கீல் ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்லா எழுதுறீங்க சார். ஆனா முந்நூறு பக்கம் படிச்சவன், கொலைகாரன் ஹாயா வீட்டுக்குப் போறதப் பார்த்தா புத்தகத்தத் தூக்கி எறிவான். ஒருத்தனையாவது உள்ள தள்ளுங்க. மாசக் கடைசிக்குள்ள வந்தா அச்சுக்குக் குடுக்குறேன். இல்லைன்னா இனிமே அனுப்பாதீங்க."

போனை வைத்த வக்கீல் என் மேசையில் ஓங்கித் தட்டினார். "இந்தத் தடவ ஒருத்தன உள்ள தள்ளாம விட மாட்டேன். முடியலைன்னா எழுதுறத விட்டுட்டு, மறுபடி கோட்ட மாட்டிக்கிட்டு ஜாமீன் மனு போடப் போயிருவேன்." எழுத ஆரம்பித்த பிறகுதான் அந்த மனுஷன் சிரித்தே நான் பார்த்திருந்தேன்.

அதற்குப் பின் நடந்தது முழுப் புலன் விசாரணை. ஒன்பதாவது நாவலில், கொலைகாரன் மல்லாங்கிணறு பஸ்ஸில் நாலு மணிக்கு வந்து இறங்கியதாகக் கண்டக்டர் சாட்சி சொல்ல வேண்டும். சரிபார்க்க மூன்று நாள் அதே பஸ்ஸில் வந்தார். பஸ் மூன்று நாளும் மூன்று நேரத்துக்கு வந்தது. கண்டக்டரை அடித்துவிடச் சொன்னார். நாவலிலிருந்துதான்.

அடுத்து, கொலைகாரனைத் தூரத்திலிருந்து பார்த்த சாட்சியாக மாட்டியவர் டீக்கடை பாய். திருச்சுழி ரோட்டில், சீமைக்கருவேலங்காட்டு ஓரமாக, உச்சி வெயிலில் பாயை நிறுத்தினார். என்னை நூறு அடி தள்ளி நிற்கவைத்து, "யாருன்னு தெரியுதா?" என்றார்.

"தெரியாம என்ன, நம்ம டைப்பிங் அக்கா."

"கண்ணாடி போடுவீங்களா?"

"பேப்பர் படிக்கையில போடுவேன்."

"இப்பப் போட்டிருக்கீங்களா? வெயிலு கண்ணுல கூசுதா, இல்லையா? அக்கான்னு மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்களா, சேலையப் பாத்துச் சொன்னீங்களா?"

பாய் தோள் துண்டை உதறினார். "சார், அந்தக் கொலைய நானே பண்ணுனதா எழுதிக்கிருங்க. அடுப்புல பாலு கெடக்கு, நான் போறேன்."

மாதத்தின் கடைசி நாள் வந்தது. சவரம் செய்யாத முகத்தோடு வந்து நின்றார்.

"அடி தாயி. அரசுத் தரப்பு ஏழாம் சாட்சி."

சாட்சி, கோர்ட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் தட்டச்சுக்காரி. பெயரும் என் பெயரேதான். செத்தவர் போன வருடமே சொத்தைத் தனக்கு எழுதிவைத்துவிட்டதாகக் கொலைகாரன் ஓர் உயிலைக் காட்டுகிறான். அந்த உயில், கொலைக்கு மறுநாள் அவனே வந்து சொல்லச் சொல்லத் தன் கடையில் அடித்தது என்கிறாள் சாட்சி. தேதியை மட்டும் காலியாக விடச் சொன்னானாம்.

இப்போது என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார், கொலைகாரன் தப்பிப்பான், இவர் மறுபடி கோட்டை மாட்டுவார். வக்கீல் இரண்டு நடை நடந்தார்.

"குறுக்கு விசாரணை இல்லைன்னு அடிச்சிரு."

எட்டு நாவல் பழக்கம் என்னைச் சும்மா விடுமா? "சார், நான் நாள மாத்திச் சொல்லியிருக்கலாம்ல? ஆள மாத்திச் சொல்லியிருக்கலாம்ல? கேளுங்க சார்!"

"பதினோரு வருசமா எனக்கு அடிச்சுக் குடுக்குற. ஒரு தேதி தப்புனதில்ல. ஒன்கிட்டப் போயி நான் என்னத்தக் கேக்க?"

கொலைகாரனுக்கு ஆயுள் தண்டனை. தீர்ப்பை அடிக்கும்போது எனக்குத் திரை சரியாகத் தெரியவில்லை. புத்தகம் அச்சாகி வந்தது, பதிப்பாளர் அடுத்ததையும் கேட்டார். பெற்றவர்கள், கட்டியவர், பிள்ளைகள் என்று என்னைக் கேள்வி கேட்காத ஆள் கிடையாது. ஒரு கேள்விகூடக் கேட்காமல் என்னை நம்பியவர், அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட அந்த மனுஷன் ஒருவர்தான்.