பேர் சொல்லாத வீடு

போன் எண்ணெய்க்குள் விழுவதற்கு முன் கடைசியாக நடந்த சாதாரணக் காரியம், உஸ்தா தன் தொப்பியைக் கழற்றிப் பட்டறை வாசலுக்கு மேலே இருந்த பலகையில் மாட்டியதுதான்.

அது அவரும் மருமகள் சைகலும் முதன்முதலில் செய்த மாதிரிப் பலகை. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று மாட்டியது. ஆனால் அதிலிருந்த ஒரு குமிழ் தொப்பிக்கு வெகு வசதியாக அமைந்துவிட்டது. அவர் பட்டறையில் இருக்கும்போது வருகிறவர்கள் தொப்பியைத்தான் பார்த்தார்கள்.

கிர்கிஸ் மலைநாட்டின் கோச்கோரில் எல்லோருக்கும் அவர் உஸ்தாதான். மரத்தில் கை வைத்த நாளிலிருந்து, கைத்தொழில் தேர்ந்தவர் என்ற பொருளில், ஊர் அப்படித்தான் கூப்பிட்டது. மனைவி இருந்தவரை "இந்தாங்க" என்று கூப்பிட்டாள்.

தொழில் சின்னது. ஒட்டுப்பலகையில் குழந்தையின் பெயரை எழுத்து எழுத்தாக அவர் அறுத்தெடுப்பார். உப்புத்தாள் போட்டு ஓரம் தேய்ப்பார். ஒவ்வொரு எழுத்திலும் பிடித்துத் தூக்க ஒரு குமிழ் வைப்பார். சைகல் எழுத்துக்கு ஒரு நிறம் கொடுத்து, குழந்தை வாயில் வைத்துச் சப்பினாலும் கெடுதல் வராதபடி ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவைப்பாள். குழந்தை எழுத்துகளைப் பிடுங்கி அதனதன் பள்ளத்தில் திரும்பப் பொருத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலான குழந்தைகள் பிடுங்குவதோடு நிறுத்திக்கொள்ளும்.

"நேத்து நீங்க சந்தைக்குப் போயிருந்தப்ப ஒருத்தர் வந்தாரு அத்தா," என்றாள் சைகல். "ஷெர்மத்னு பேரு. நாரின் பக்கத்துலேர்ந்து புதுசா குடிவந்திருக்காங்க. பையன் நடக்க ஆரம்பிச்சுட்டானாம், ஞாயித்துக்கிழமை கால்கயிறு வெட்டற விருந்து. அன்னிக்குப் பலகை வேணுமாம்."

"பையன் பேரு?"

சைகல் பிரஷ் கழுவுவதில் மும்முரமானாள். "என் போன்ல அவரே அடிச்சு வச்சிருக்காரு. நீங்களே பாத்துக்கோங்க." சொல்லிவிட்டு வண்ணம் பூசிய எழுத்துகளைக் காயவைக்க முற்றத்துக்குப் போய்விட்டாள்.

உஸ்தா போனை எடுத்தார். கையெல்லாம் மரத்தூளும் பசையும். போன் வழுக்கியது, பிடிக்கப் போனார், அது விரலில் பட்டு எம்பி, திறந்திருந்த ஆளிவிதை எண்ணெய் டப்பாவுக்குள் நிதானமாக இறங்கியது.

வெளியே எடுத்தபோது அது போனாக இல்லை, பளபளப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

ரஷ்யாவில், கசானில் வேலை பார்க்கும் மகன் பெண்டாட்டியைக் கூப்பிடுவது இந்தப் போனில்தான். மருமகளிடம் எப்படிச் சொல்வது? ஈரமான போனை அரிசிக்குள் புதைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று எங்கேயோ கேட்டிருந்தார். எண்ணெய்க்கும் அது பொருந்துமா என்று யோசிக்க நேரமில்லை. சமையலறை அரிசி மூட்டைக்குள் புதைத்துவிட்டு வந்து, போனை எங்கேயோ வைத்துவிட்டதாகவும் தேடித் தருவதாகவும் சைகலிடம் சொன்னார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாடு புலாவ். முதல் கவளத்திலேயே பட்டறை வாசம்.

"அரிசி ஒரு மாதிரி இருக்கில்ல அத்தா?" என்றாள் சைகல்.

"ரொம்ப நல்லா இருக்கே," என்று உஸ்தா தடயத்தை அழிப்பவர் போல இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். போன் இல்லை. புலாவோடு சேர்ந்து வெந்திருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை, அவர் நன்றாக மென்றுதான் சாப்பிட்டிருந்தார்.

மறுநாள் பெயரை நேரிலேயே கேட்டுவிடலாம் என்று ஷெர்மத்தின் வீட்டுக்குப் போனார். ஆண்கள் ஒருவரும் இல்லை. மேய்ச்சல் மலைக்குப் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் விருந்துக்கு ஆடுகளோடு இறங்குவார்கள். அங்கே போன் எடுக்காது. வீட்டில் இருந்தது ஷெர்மத்தின் மனைவி கெரெஸ், அவள் மாமியார் பூபுஷ், நாயகனான பையன். பையன் ஒரு போர்சோக்கை, எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டை, இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பையன் பேரை மட்டும் சொல்லும்மா, வேலை கிடக்கு," என்றார் உஸ்தா.

கெரெஸின் முகம் சிவந்தது. மாமியாரைப் பார்த்தாள். பூபுஷ் தேநீரை ஊற்றிவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"பையனுக்கு என் மாமனார் பேரு."

உஸ்தாவுக்குப் புரிந்துவிட்டது. புருஷன் வீட்டு மூத்த ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பூபுஷ் அந்த வீட்டு மருமகள். கெரெஸ் அந்த வீட்டு மருமகளுக்கு மருமகள். பையனைப் பெற்ற நாளிலிருந்து இரண்டு பேரும் 'சின்னப்பயல்' என்றே கூப்பிட்டு வந்ததால், அக்கம்பக்கத்தாருக்கும் அதுதான் தெரியும். அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள் பையன்தான். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. அது போர்சோக்கைப் பற்றியது.

உஸ்தா காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். "அப்ப எழுதிக் குடுங்க."

"எழுதறதுன்னா கையால பேசறது," என்றாள் பூபுஷ். "வாய்க்கு ஒரு சட்டம், கைக்கு ஒரு சட்டமா?"

கடைசியில் அடையாளம் சொல்வதாக ஏற்பாடு. பூபுஷ் கண்ணை மூடி யோசித்து, மேலே பறக்கும், வேட்டைக்காரன் கையில் வந்து உட்காரும், முயலைக் கண்டால் விடாது என்றாள். இதில் என்ன கஷ்டம் என்று உஸ்தா கிளம்பினார்.

கெரெஸ் வாசல்வரை கூடவே வந்தாள். பலகை வாங்கலாம் என்பது அவள் யோசனையாம். மாமியார் தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாளாம்.

"வேற பேரோட பலகை வந்தா, வேற புள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரின்னு அவங்க சொல்லிட்டாங்க உஸ்தா. விருந்துல அத்தனை பேர் முன்னாடி நான் தலைகுனியணும்."

"நான் இருக்கேன்லம்மா," என்றார் உஸ்தா. அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றே 'புர்குத்' என்று அறுத்தார். கழுகு. சைகல் எழுத்துக்கு ஒரு நிறமாக அழகாக வண்ணம் பூசினாள்.

"இதுதானா அத்தா அவர் குடுத்த பேரு?"

"இதேதான்."

சைகல் வாசலுக்கு மேலே இருந்த தொப்பியை ஒருதரம் பார்த்தாள். பிறகு பிரஷைக் கழுவப் போனாள்.

பூபுஷ் பலகையைத் திருப்பிப் பார்த்து, இவ்வளவு பெரிசு இல்லை, கொஞ்சம் சின்னது, ஆனால் கோபக்காரன் என்றாள். உஸ்தா 'லாச்சின்', அதாவது வல்லூறு, செய்துகொண்டு போனார். அதுவும் இல்லை, இன்னும் கொஞ்சம் வெளுப்பு என்றாள். வெள்ளைப் பருந்தான 'துய்குன்' செய்துகொண்டு போனார். அவ்வளவு வெளுப்பும் இல்லையாம். ஒவ்வொரு தடவையும் தேநீர், கைமாக் என்ற கெட்டிப் பாலாடை, ஒரு தட்டு போர்சோக். வேட்டைப் பறவைகள் குறையக் குறைய உஸ்தாவின் இடுப்புவார் ஒவ்வொரு துளையாகத் தளர்ந்தது.

"வானத்துல வேற என்னதான் பறக்குது?" என்று அவர் பட்டறையில் தனியாகக் கேட்டுக்கொண்டார்.

"என்ன அத்தா?"

"ஒண்ணுமில்ல. சந்தைக்காக ஒரு ஜோடி அதிகமா செஞ்சு வைக்கிறேன்."

சனிக்கிழமை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. எழுத்துகள் போட்டு வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு எழுத்தாகக் காட்டுவேன், சரியான எழுத்து வந்தால் கெரெஸ் லேசாக இருமினால் போதும் என்றார். வாயும் பேசவில்லை, கையும் பேசவில்லை. பூபுஷ் நெடுநேரம் யோசித்து, இருமலைப் பற்றிப் பெரியவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

ஆனால் கெரெஸ் அன்று காலை முழுக்க விருந்துக்காகக் கம்பளிகளை அடித்துத் தூசி தட்டியிருந்தாள். முதல் எழுத்துக்கு இருமினாள். இரண்டாவதுக்கும் இருமினாள். மூன்றாவதைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே இருமினாள். உஸ்தா எடுத்து வைத்துக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் பூபுஷுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அடியே, மாமனார் பேரை மொத்தமா இருமி முடிச்சிடுவ போலிருக்கே. நிறுத்து."

அதோடு அதுவும் நின்றது. கையில் மிஞ்சிய எழுத்துகளை உஸ்தா முன்னும் பின்னும் மாற்றி அடுக்கிப் பார்த்து, வேறு வழியில்லாமல் ஒரு நீளமான பலகையாகச் செய்தார். வாசித்தால் தும்மல் மாதிரி இருந்தது.

"இது எந்த ஊர்ப் பேரு அத்தா?" என்றாள் சைகல்.

"நாரின் பக்கம் இப்படித்தான் வைப்பாங்க."

"வண்ணம் பூச எண்ணெய் பத்துமான்னு பாக்கறேன்," என்றாள் சைகல். "டப்பாவுல கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு."

உஸ்தா உடனே உப்புத்தாளைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, செய்த பலகைகளையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டார். ஷெர்மத் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது, கெரெஸ் மேல் தப்பில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்வது, அவர்கள் அடித்தால் வாங்கிக்கொள்வது. தொப்பியை எட்டி எடுத்துத் தலையில் வைத்தார். எடுத்த இடத்தை அவர் ஒருபோதும் பார்த்ததில்லை.

"நீங்க முன்னாடி போங்க அத்தா. நான் பின்னாலயே வரேன்," என்றாள் சைகல்.

விருந்து வீட்டில் கூட்டம். பையனின் கால்களைக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் கட்டி நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் ஓடி வந்தார்கள், முதலில் வந்த சிறுமி கயிற்றை வெட்டினாள், பையன் நாலடி நடந்து பொத்தென்று உட்கார்ந்தான். எல்லோரும் வாழ்த்தினார்கள். கெரெஸ் மட்டும் உஸ்தாவின் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். உஸ்தா அவள் கண்ணுக்குத் தப்பிக்கத் தேநீரில் போர்சோக்கை நனைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஷெர்மத் ஆடுகளோடு வந்து இறங்கினான். உஸ்தா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுவதற்குள், சைகல் குறுக்கே போய்த் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அவன் கையில் கொடுத்துவிட்டாள். அவன் பிரித்தான். முகம் மலர்ந்தது. கூட்டத்துக்குத் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, மலைக்கு மலை ஆட்டைக் கூப்பிட்டுப் பழகிய குரலில் மகனின் பெயரை வாசித்தான்.

"என்னப்பா?" என்று உஸ்தா எழுந்து நின்றார்.

கூட்டம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்ததால், எதற்காக எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகுதான் பலகை கண்ணில் பட்டது. நடு எழுத்தின் குமிழ் தொப்பி உரசி உரசி வண்ணம் போயிருந்தது.

"இவர் பட்டறை வாசல்ல இது தொங்கிச்சு," என்று ஷெர்மத் சொல்லிக்கொண்டிருந்தான். "நம்ம தாத்தா பேராச்சே, இதே மாதிரி ஒண்ணு வேணும்னு சொன்னேன். இதையே குடுப்பாங்கன்னு நினைக்கல."

பூபுஷ் பலகையைப் பார்த்தாள், உஸ்தாவைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"இத்தனை நாளா உங்களைப் பத்தியேவா உங்களுக்கு அடையாளம் சொல்லிக்கிட்டிருந்தோம்?"

கெரெஸுக்குச் சிரிப்பில் மறுபடி இருமல் வந்துவிட்டது. பையன் நடு எழுத்தைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான். உஸ்தா மருமகளைத் தேடினார். அவள் கொஞ்சம் தள்ளி நின்று, எண்ணெய் பளபளக்கும் ஒரு போனை உயர்த்திப் பிடித்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முதல் நாளே அரிசி களையறப்ப கிடைச்சுது," என்றாள் வீட்டுக்குத் திரும்பும்போது. "நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

சைகல் யோசித்தாள். "தொப்பியை எடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

சாக்கிலிருந்த பலகைகள் வீணாகவில்லை. அடுத்த வசந்தத்தில் அந்தத் தெருவில் ஒரு புர்குத்தும் ஒரு லாச்சினும் ஒரு துய்குனும் பிறந்தார்கள். பலகை தயாராக இருக்கிறதே என்றார்கள். தும்மல் பலகைக்கு மட்டும் இன்னும் யாரும் பிறக்கவில்லை.

பட்டறை வாசலுக்கு மேலே இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. அதில் தொப்பி. அதை எடுக்க வேண்டியவர் போய்ச் சில குளிர்காலங்கள் ஆகிவிட்டன. ஊரில் எல்லோரும் அவர் பெயரைத் தாராளமாகச் சொல்கிறார்கள். கல்லறைக் கல்லிலும் வெட்டியிருக்கிறது. மருமகள் மட்டும் அதை இன்றுவரை வாயால் சொன்னதில்லை.

கையாலும். இதை எழுதும்போதுகூட.