வடக்கு அறைச் சுவரில் போட்ட ஒரே ஒரு ஓட்டை

அன்புத் தங்கை வாலுக்கு,

அண்ணன் ஆசிகளோடு எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், உன் அண்ணி நலம், வடக்கு அறையைத் தவிர வீட்டின் மற்றப் பகுதிகளும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும், நீங்கள் புதிதாக வாங்கியிருக்கும் அந்தப் பழைய வீடும், ஒருவரால் ஒருவருக்குச் சேதமில்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதை எழுதக் காரணம் இரண்டு. உங்கள் வீட்டுச் சில்லறை வேலைகளை நீங்களே செய்யப்போவதாகவும், அதற்கு அனுபவசாலியான நான் யோசனை சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அது ஒன்று. வருகிற வெள்ளிக்கிழமை நீ இங்கு வருவதை ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது. அது இரண்டு. இரண்டாவது எப்படி வந்தது என்று சொன்னாலே முதலாவதற்கான பதில் தானாக வந்துவிடும்.

அப்பா போய் ஆறு வருடத்தில் நீ இந்த வாசல்படி ஏறவில்லை. கூப்பிடும்போதெல்லாம், "அப்பா இல்லாத வீட்ல எனக்கு என்னண்ணா இருக்கு?" என்பாய். நான் போனை அண்ணியிடம் கொடுத்துவிடுவேன். உண்மையில் என்னதான் இருந்தது? அவர் சட்டைகளைக் கொடுத்துவிட்டோம், கட்டிலைக் கொடுத்துவிட்டோம், மூக்குக் கண்ணாடியைக்கூட யாரோ கேட்டு வாங்கிப் போனார்கள். அதனால் நீயே போன் செய்து பத்து நாள் தங்குகிறேன் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் பழைய அறையை, அந்த வடக்கு அறையை, புதிதாக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முப்பத்து நான்கு வருடம் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டியவன் நான். வீட்டுப் பராமரிப்புக்கு என்ன எண், எந்த அலமாரி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தேன். படங்களெல்லாம் மிகத் தெளிவு. படத்தில் இருந்த ஆள் சிரித்துக்கொண்டே வேலை செய்தான்.

முதலில் கதவு. உன் அறைக் கதவு நிலையில் பிடித்துக்கொண்டு மூடவே இல்லை, அதனால் இழைப்புளி வாங்கி ஒரு நாள் முழுக்க இழைத்தேன், சுருள் சுருளாகச் சீவல் விழுந்தபோது எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது, கதவும் வெண்ணெயாக மூடிக்கொண்டது, அண்ணிகூட வந்து இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் பாராட்டாமல் போனாள், அவள் குறை சொல்லாமல் போனதே பாராட்டுதான். ஆனால் அது மழைக்காலம். மழை விட்டு இரண்டு வாரம் வெயில் அடித்ததும் ஊறியிருந்த கதவு சுருங்கி, இப்போது பக்கத்து வீட்டுப் பூனை மூடிய கதவு வழியாக வந்து போகிறது. ஆகவே குறித்துக்கொள்: ஈரக் காலத்தில் கதவை இழைக்காதே. கொஞ்ச நாள் பொறு. பிடிக்கிற இடத்தில் மெழுகு தேய்த்துப் பார், கீல் திருகாணி தளர்ந்திருக்கிறதா பார், அதற்கப்புறம் இழைப்புளியைத் தொடு.

அடுத்தது பெயின்ட். பழைய பெயின்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதை அடித்தேன். மூன்றாம் நாள் சுவர் பாம்புச் சட்டை உரிப்பது போல் உரித்துக்கொண்டது. சரி என்று தகடு எடுத்துச் சுரண்ட உட்கார்ந்தேன். சுரண்டச் சுரண்டச் சாம்பல் நிறத்துக்கு அடியில் ரோஜா நிறம், அதற்கடியில் நீலம். ரோஜா நினைவிருக்கிறதா? வயதுக்கு வந்த பெண்ணின் அறை என்று அப்பா கலந்த கலவை. ஒரு சுவர் ரோஜா, அடுத்த சுவர் ஈறு நிறம். "பல் டாக்டர் வீடு மாதிரி இருக்குப்பா" என்று நீ அழுதாய். அவர் தானே அடித்ததால் அதை மாற்றவும் மனசில்லாமல், "விளக்கு வெளிச்சத்துல பாரும்மா, ஒரே கலர்தான்" என்றார். நான் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அண்ணி எட்டிப் பார்த்து, "வேலை செய்றீங்களா, தியானம் பண்றீங்களா?" என்றாள்.

இனி வருவதுதான் விஷயம். நீ எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பவள், கட்டில் தலைமாட்டில் ஒரு பலகை இருந்தால் வசதி என்று தோன்றியது. டிரில் மெஷின் வாங்கினேன். சுவரில் துளை போடுமுன் பக்கத்தில் குழாய், ஒயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தது புத்தகம். குழாய்கள் எப்போதும் நேர்மேலாகவோ நேர்குறுக்காகவோதான் போகுமாம். பார்த்தேன். சுவருக்கு அந்தப்புறம் குளியலறை, அதன் குழாய் இடது ஓரத்தில். நான் துளை போட்டது வலது பக்கம், நல்ல உயரத்தில். மெஷின் உறுமியது, தூசி பறந்தது, சட்டென்று உள்ளே ஏதோ பொத்துக்கொண்டது. நான் மெஷினை வெளியே இழுத்தேன். தண்ணீர் என் நெஞ்சில் குத்தியது. கட்டைவிரலால் அடைத்தால் இரண்டு பக்கமும் விசிறியடித்தது. உள்ளங்கையை வைத்தேன், முதுகை வைத்தேன், கடைசியில் புத்தகத்தையே வைத்தேன்.

"மெயின் வால்வு எங்கே இருக்கு?" என்று அண்ணி கத்தினாள்.

"புத்தகத்துல போடலையே!" என்று நானும் கத்தினேன்.

அவள் முதலில் வீட்டு மின்சாரத்தை அணைத்தாள், பிறகு வெளியே ஓடி, பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஏழாவது தொட்டிக்கடியில் வால்வைக் கண்டுபிடித்து மூடினாள். அதற்குள் உன் மெத்தை குளித்து முடித்திருந்தது. வாலு, மற்ற யோசனை எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வை: ஆணி அடிப்பதற்கு முன்னால்கூடத் தண்ணீரை எங்கே மூடுவது, மின்சாரத்தை எங்கே அணைப்பது என்று கண்டுபிடித்துவிட்டு அடி.

மறுநாள் பிளம்பர் வந்தார். பெரிய மனிதர், அதிகம் பேசாதவர். துளையைச் சுற்றிச் சுவரை உடைத்தார், உடைத்துக்கொண்டே போனார், மூலைக்கு மூலை போய்விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சார், இருபத்தெட்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன். குழாய் கோணலா போய் இப்பத்தான் பாக்குறேன். எந்தப் புண்ணியவான் போட்டது?"

"எங்க அப்பா" என்றேன்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா... உறுதியா போட்டிருக்கார்" என்றார்.

உனக்கு நினைவிருக்கும். குடிநீர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த ஒரே காரணத்தால் குழாய் வேலை தனக்குத் தெரியும் என்று அப்பா நம்பினார். அம்மா குளியலறையில் ஷவர் வேண்டும் என்று கேட்ட கோடை விடுமுறை அது. சுவரை வெட்டி, இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு நேராக ஒரு கோடு போட்டார். "ரெண்டு குழாய் மிச்சம்டா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் அதை எப்படி மறந்தேன்!

இதற்குமேல் எழுதுவதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. அந்தக் கோணல் குழாய்க்கு நடுவில் ஒரு மூட்டு. அந்த மூட்டின் மரையில், கசியாமல் இருக்கச் சுற்றும் சணலுக்குப் பதில் வேறெதையோ சுற்றி, மேலே பெயின்ட் பூசி முறுக்கியிருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியைப் பிளம்பர் துடைத்துக் காட்டினார். சிவப்பு. உன் சிவப்பு ரிப்பன், வாலு. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து வாங்கி வந்தாயே, ஒரே வாரத்தில் காணாமல் போயிற்றே, அதேதான். நான்தான் எடுத்தேன் என்று என் கையைக் கடித்தாய், தழும்பு இன்னும் இருக்கிறது. கல்யாணமாகிப் போகும்போது வாசலில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, நீ என் காதில், "இப்பவாவது உண்மையைச் சொல்லு, நீதானே எடுத்தே?" என்று கேட்டாய். அப்பா பக்கத்தில்தான் நின்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அண்ணாந்து பந்தலைப் பார்த்தார்.

நான் சிரித்தேன், பிறகு ஈரமான அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிளம்பர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போய் அண்ணியிடம் டீ கேட்டார். டீ குடித்து வந்து அந்தக் குழாய் மூட்டை அவர் சோதித்தும் பார்த்தார். துரு குழாயையெல்லாம் அரித்துக் காகிதமாக்கிவிட்டது. அந்த ரிப்பன் சுற்றிய இடத்தில் மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு சொட்டுக் கசிவில்லையாம்.

ஆக, நிலவரம் இதுதான். புதுக் குழாய் போட்டு, சுவர் பூசி, அது காய்ந்து, பெயின்ட் அடிக்க ஒரு மாதம் ஆகும். அதுவரை உன் அறையில் உன்னைத் தங்கவைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. தயவுசெய்து அடுத்த மாதம் வா. உன் வீட்டு வேலைக்கு என் கடைசி யோசனை: நீங்கள் எதையும் தொடாதீர்கள். தெரிந்த ஆளைக் கூப்பிட்டுச் செய்யுங்கள். நானும் அண்ணி முன்னிலையில் சத்தியம் செய்து டிரில் மெஷினை அவளிடம் ஒப்படைத்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உங்கள் வீட்டுச் சுவர்களுக்கு நீண்ட ஆயுள் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பிளம்பர் புதுக் குழாயோடு வந்துவிட்டார். பழையதைப் பிடுங்க அவர் கை வைத்ததும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒருத்தர் வந்து பார்த்த பிறகு பிடுங்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். "யார் பாக்கணும் சார்?" என்றார், "என் தங்கச்சி" என்றேன், "அப்ப சரி" என்று அந்தக் குழாய்க்கு மட்டும் தண்ணீரை அடைத்துவிட்டுப் போய்விட்டார். எனவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்காதே. வெள்ளிக்கிழமையே வா. ஹாலில் படுத்துக்கொள்ளலாம். சுவரை நாமே பூசிக்கொள்ளலாம், புத்தகத்தைக் காயவைத்திருக்கிறேன், சிமென்ட் மூட்டையும் வாங்கிக் கொல்லைப்புறம் வைத்துவிட்டேன். அண்ணியிடம் மூச்சு விடாதே.