முழுப்பீஸ் குடும்பத்தோடு மலேசியா போனார்

துணிக்கடைக்காரர்கள் எல்லாரும் ஒன்று கூடி ஒரு மனிதருக்குச் சிலை வைப்பதென்று முடிவு செய்தால், அந்தச் சிலை நாகல் நகரில் என் கடைக்கு எதிரேதான் வரும். சிலைக்குச் சட்டை தைத்துப் போடுவதற்கான துணிகூட அவர் வீட்டிலேயே மிச்சம் கிடக்கும்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் முழுப்பீஸ். என் கடைக்கு எதிரே வீடும், அதன் முன்பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறையும் வைத்திருக்கிறார். செம்பட்டிப் பக்கத்து விவசாயிகள் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அதைத் தூக்கிக்கொண்டு நேராக அவரிடம்தான் வருவார்கள். மோட்டார் விஷயத்தில் ஆள் கில்லாடி. துணி விஷயத்தில்தான் வேறு மாதிரி.

கடையில் அட்டையில் சுற்றி அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த ஒரு சுற்றுக்குப் பீஸ் என்று பெயர். நீங்களும் நானும் அதில் சட்டைக்கு வேண்டியதை மட்டும் கிழித்து வாங்குவோம். இவர் கத்திரியை எடுக்கவே விடமாட்டார். "இதுல எம்புட்டு இருக்கோ அம்புட்டையும் கட்டுப்பா" என்பார். பிறகு அது டைலரிடம் போகும். அவருக்குச் சட்டை, சம்சாரத்துக்கு ஜாக்கெட், இரண்டு பெண்களுக்கும் சுடிதார். மிச்சத்தில் தலையணை உறை, கிரைண்டருக்கு மூடி, ஸ்கூட்டர் சீட்டுக்குக் கவர், பட்டறை வாசலுக்குத் திரை. தீபாவளியன்று நால்வரும் சேர்ந்து தெருவில் வந்தால், புதிதாக வெள்ளையடித்த சுவர் ஒன்று பெயர்ந்து நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் சோபாவில் உட்காரப் போனேன். "பெரியப்பா, நான் இருக்கேன்" என்று சோபா பேசியது. பார்த்தால் சின்னவள் கீர்த்தி படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் சுடிதாரும் சோபா உறையும் ஒரே பீஸ். என் எடைக்கு அன்று அந்தப் பிள்ளை பிழைத்தது முருகன் புண்ணியம்.

இந்தக் கிறுக்குக்கு ஒரு காரணம் உண்டு. கீர்த்தி சின்னப் பிள்ளையாக இருந்தபோது தைப்பூசத்துக்குப் பழனி போயிருக்கிறார்கள். மலையடிவாரக் கூட்டத்தில் பிள்ளையைக் காணோம். போலீஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, என்ன டிரெஸ் போட்டிருந்தாள் என்பது. முழுப்பீஸுக்குத் தெரியவில்லை. சிவப்பு என்றார், இல்லை பச்சை என்றார், பாவாடையா கவுனா என்றதற்கு அழுதுவிட்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை ஒரு பஞ்சாமிர்தக் கடையில் வாயெல்லாம் இனிப்போடு கிடைத்துவிட்டாள். ஆனால் இவர் மனசில் அந்தக் கேள்வி ஊசியாக இறங்கிவிட்டது. அதற்கடுத்த வாரம் முதல் பீஸை வாங்கினார். "இப்ப எவனாச்சும் கேட்டா, எஞ்சட்டையக் காட்டி இதான்னு சொல்லிருவேன்ல அண்ணே" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்தார்கள், அந்த நியாயம் மட்டும் வளரவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தள்ளுவண்டியில் எவர்சில்வர் விற்றவன். இன்று மூன்று மாடிப் பாத்திரக்கடை. நாகல் நகரில் லிஃப்ட் வைத்த முதல் பாத்திரக்கடை என்னுடையதுதான், சந்தேகம் இருப்பவர்கள் வந்து ஏறிப் பார்க்கலாம். சிங்கப்பூர், துபாய், இலங்கை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆகவே முழுப்பீஸ், பெண்களுக்கு லீவில் ஒரு வெளிநாடு காட்ட வேண்டுமென்று யோசித்தபோது என்னிடம் வராமல் வேறு யாரிடம் போவார்? மலேசியா என்று நான்தான் முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் நானும் வீட்டம்மாவும், அவர் வீட்டில் நால்வரும்.

டிக்கெட் போட்ட அன்று சாயங்காலம் பெரியவள் மதுமிதா கடைக்கு வந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டு, கோயம்புத்தூரில் காலேஜ் சேரக் காத்திருந்த பெண். இட்லிக் கொப்பரைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு என்னிடம் ஒரு வரம் கேட்டாள்.

"பெரியப்பா, மலேசியால ஒரே ஒரு டிரெஸ்ஸு. நானா பாத்து எடுக்கணும். வீட்ல வேற யாருகிட்டயும் அது இருக்கக் கூடாது. காலேஜுக்கு மொத நாள் அதத்தான் போட்டுட்டுப் போவேன். அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"அம்புட்டுத்தானா?"

"உங்களுக்கு அம்புட்டுத்தான். அங்க ஹாஸ்டல்ல ஒரு பிள்ள 'உங்க டிரெஸ்ஸு சூப்பரா இருக்கு, எங்க எடுத்தீங்க'ன்னு கேட்டா, இதே துணியில எங்க வீட்ல கிரைண்டர் மூடி இருக்குன்னா சொல்ல முடியும்?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. என் பேச்சை முழுப்பீஸ் தட்டமாட்டார் என்ற தைரியத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவரும் தட்டவில்லை. தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, அதே துணி நால்வருக்கும் ஆகிற அளவுக்குக் கடையில் இருக்க வேண்டும். இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டேன்.

பயணத்துக்கென்று அவர் வாங்கியிருந்த பீஸைப் பற்றி எழுத என்னிடம் வார்த்தை போதாது. கிளிப்பச்சை. அதில் மஞ்சள் குடைகள், எல்லாம் விரித்தபடி. ஆளுக்கு நாலு செட், அத்தனையும் அதிலேயே. திருச்சி விமான நிலையத்தில் நால்வரும் அந்தக் குடைகளோடு வந்து இறங்கியபோது, வரிசையில் நின்றவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள். பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி, எங்கே கச்சேரி என்று கேட்டார். முழுப்பீஸ் பெருமையாக, பேமிலி சார் என்றார். மதுமிதா அந்த வெயிலிலும் ஒரு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக் கழுத்து வரை பட்டனை மாட்டிக்கொண்டாள்.

கோலாலம்பூரில் விதி அவர் பக்கம் நின்றது. எங்களுக்குக் கார் ஓட்டியவர் அந்த ஊர்த் தமிழர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முழுப்பீஸையும் கண்ணாடியில் மற்ற மூவரையும் பார்த்துவிட்டு, இங்கே மலாய்க்காரர்கள் பெருநாளுக்கு இப்படித்தான், குடும்பம் மொத்தமும் ஒரே நிறத்தில் உடுத்துவார்கள் என்றார். அவ்வளவுதான். முழுப்பீஸ் முன் சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டீங்களாண்ணே? ஒரு நாடே எம் பக்கம் இருக்கு. நாந்தேன் தப்பான ஊர்ல பொறந்துட்டேன்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரோடு பேச முடியவில்லை. பத்துமலை முருகனைப் பார்க்கப் போன இடத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் இவர்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. அது ஏதோ உள்ளூர் உடை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. மதுமிதா போட்டோவில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அந்தத் துப்பட்டாவிலும் குடை.

மூன்றாம் நாள் ஒரு பெரிய மாலுக்குப் போனோம். முதல் கடையிலேயே முழுப்பீஸ், மாட்டியிருந்த ஒரு மேல்சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதில் முழுப்பீஸ் இருக்கிறதா என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டார். அவள் ஒரே சட்டையில் எல்லா அளவும் கொண்டுவந்து போட்டாள். இவர் தலையை ஆட்டி, தைக்காதது வேண்டும், உருளை, உருளை என்று கையைச் சுற்றிக் காட்டினார். அவள் பயந்துபோய் மேனேஜரைக் கூப்பிட்டாள். அடுத்த கடையிலும் இதே கதை. நிபந்தனை என்னவென்று மதுமிதாவுக்கு அங்கேதான் தெரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். வங்கி மேனேஜரையே நிற்க வைத்துப் பேசியவன் நான், அந்தப் பார்வைக்குப் பயந்து ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டேன்.

நல்லவேளை, நகரும் படிக்கட்டு வந்து காப்பாற்றியது. அதன் அடியிலிருந்து ஏதோ சத்தம் வருகிறதாம். பேரிங் போய்விட்டது, இந்த மோட்டார் தாங்காது என்று சொல்லிக்கொண்டு முழுப்பீஸ் அதன் பக்கத்தில் காதை வைத்து நின்றுவிட்டார். அந்த இடைவெளியில் அவர் சம்சாரம் சாந்தி இரண்டு பெண்களையும் எதிர்க்கடைக்குள் தள்ளினார். "எடுத்துக்கங்கடி. உங்கப்பாவ நான் பாத்துக்கிறேன்" என்று அவர் சொன்னது, ஐஸ்கிரீமோடு நின்ற என் காதில் விழுந்தது. நான் விழாத மாதிரி நக்கிக்கொண்டிருந்தேன்.

சின்னவள் ஜீன்ஸ் எடுத்துக்கொண்டு அடுத்த ஜீன்ஸைத் தேடிக்கொண்டிருந்தாள். பெரியவள் எடுத்தது கால் வரை இறங்கும் ஒரு கவுன். கத்தரிப்பூ நிறம். லாவண்டர் என்று பிற்பாடு என்னைத் திருத்தினாள். உள்ளேயே மாற்றிக்கொண்டு, இரட்டைப் பின்னலையும் அவிழ்த்து விட்டுக்கொண்டு, பணம் கட்டுகிற அம்மாவை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றாள். அப்பாவிடம் என்ன பேசுவது என்று உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

அதே நேரம் முழுப்பீஸ் படிக்கட்டை விட்டுத் திரும்பினார். பிள்ளைகளைக் காணோம்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். இந்தப் பக்கம் ஓடினார், அந்தப் பக்கம் ஓடினார். சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் காட்ட ஆரம்பித்தார். ஒரு சீனக் கிழவர் மரியாதையாகக் குடைகளை எண்ணிப் பார்த்தார். நான் கூப்பிடக் கூப்பிட அவர் காதில் விழவில்லை. ஓடிவந்தவர், நேராக மதுமிதாவின் முன்னால் நின்றார். சட்டையை விரித்துக் காட்டினார்.

"எக்ஸ்கியூஸ் மீ மேடம். டூ கேர்ள்ஸ். திஸ் கிளாத். சீயிங்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. அவர் கண் அவள் முகத்தில் இல்லை. பச்சையைத் தேடிக்கொண்டு அவளுடைய தோளைத் தாண்டிப் பின்னால் அலைந்துகொண்டிருந்தது.

"அப்பா" என்றாள் அவள். "நாந்தாம்ப்பா."

இப்போதுதான் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அவள் ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "நான் வேணா மாத்திட்டு வாரேம்ப்பா" என்றாள்.

அவர் விறுவிறுவென்று கடைக்குள் போனார். அதே கவுனில் இருப்பதிலேயே பெரிய அளவாக ஒன்றை உருவி எடுத்தார். லேடீஸ் சார் என்று விற்பனைப் பெண் சொல்லச் சொல்லக் கேட்காமல், கண்ணாடி முன்னால் தன் மார்பில் வைத்துப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. வெட்டினால் சட்டை ஆகும், இன்னொன்றை வெட்டினால் ஜாக்கெட் ஆகும். ஊருக்குப் போய் டைலரிடம் கொடுக்கக் கணக்குப் போடுகிறார். நிபந்தனை நிறைவேறிவிடும்.

கண்ணாடியில் அவருக்குப் பின்னால் மதுமிதா நின்றாள். புதுக் கவுனின் கழுத்தைத் தடவிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

முழுப்பீஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு கவுனை ஹேங்கரில் மாட்டி, தோள்பட்டையைச் சரிசெய்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"நமக்குக் கலரு எடுக்கல" என்றார். பிறகு போனை எடுத்தார். "இங்கிட்டு வந்து நில்லு. வெளிச்சத்துல. ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிறேன். எவனாச்சும் கேட்டா காட்டணும்ல."

அவள் சிரித்த சிரிப்பு அந்த போட்டோவில் இருக்கிறது. அன்றிலிருந்து பெண்கள் எங்கே கிளம்பினாலும் வாசலில் நிறுத்தி ஒரு போட்டோ. காலேஜுக்குக் கிளம்பிய அன்று லாவண்டர் கவுனில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. போலீஸ் ஸ்டேஷன்லகூட இம்புட்டு எடுக்க மாட்டாங்கப்பா என்று அவள் அலுத்துக்கொண்டது என் கடை வரை கேட்டது. ஆனாலும் திரும்பித் திரும்பி நின்றாள்.

அந்தத் தீபாவளிக்கும் முழுப்பீஸ் பீஸ் வாங்கினார். நீலம். அதில் வெள்ளை வாத்துகள், வரிசையாக. பெரியவள் தானே ஒரு சுடிதார் எடுத்துவிட்டதாக ஹாஸ்டலிலிருந்து போனில் சொன்னாள். சின்னவள் ஜீன்ஸை விட்டு இறங்கவில்லை. திண்டாட்டம் துணிக்குத்தான். தலையணை, கிரைண்டர், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் தைத்த பிறகும் மிச்சம்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு மத்தியானம், பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு என் கடைக்கு வந்தார்.

"பிள்ளைக ரெண்டும் கழண்டுக்கிருச்சுகண்ணே. துணி மீந்துபோச்சு. ஒங்களுக்கு ஒரு சட்டைக்கு ஆகும்." என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டு, எரிந்த மோட்டார் காத்திருக்கிறது என்று போய்விட்டார்.

நான் வெள்ளை தவிர எதுவும் போடாதவன். கஞ்சி போட்டு, மடிப்பு கலையாத வெள்ளை. கல்லாவில் நான் உட்கார்ந்தால் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள்கூட முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். அந்தப் பொட்டலம் இரண்டு நாள் மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள் டைலரிடம் கொடுத்துவிட்டேன்.

தீபாவளிக்குப் போட்டேன். மறுநாள் கடை திறந்தபோதும் அதையே போட்டிருந்தேன். வீட்டம்மா சிரித்துத் தீரவில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் பெண்ணுக்குச் சீர் பாத்திரம் எடுக்க வந்தார். என் சட்டையைப் பார்த்தார். எதிர்ப் பட்டறையில் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரின் சட்டையைப் பார்த்தார்.

"ஏனுங்க முதலாளி, அவரு உங்களுக்குச் சொந்தங்களா?"

"ஆமாம், என் தம்பி" என்றேன்.