கருவாட்டுக்கு வரி குறைத்தவர்

இலங்கை அரசாங்கத்தின் பட்ஜெட்டை ஆண்டுதோறும் ஏழைகளுக்குச் சாதகமாகத் திருத்திய ஒரே மனிதர் எங்கள் தோட்டத்தில்தான் இருந்தார். அவர் மந்திரி இல்லை; தபால் பை சுமந்தவர். செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. எல்லாருக்கும் அவர் ‘தபால்’தான்.

ஐம்பதுகளில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் நான் சின்னக் கிளாக்கர். தபால் தினமும் காலையில் தோட்டத்தை நடத்தும் துரையின் கடிதங்களோடு டவுனுக்கு நாலு மைல் இறங்குவார், மாலையில் ஏறுவார். துரை கழித்துப்போட்ட கோட்டு, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேலே குடை. இவ்வளவுக்கும் அடியில் பை நனையாமல் இருக்கும். அவர் நனைந்திருப்பார்.

எங்கள் ஆட்களுக்கு அப்போது ஓட்டு இல்லை. வரி இருந்தது. சீனியிலும் நெருப்புப்பெட்டியிலும் ஒளிந்து, ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்துவிடும். ரேடியோவும் இல்லாத இடம். அதனால் பட்ஜெட் வாசித்த மறுநாள், டவுன் சாப்பாட்டுக் கடையில் யாராவது பேப்பர் படிக்கக் கேட்டு, மனப்பாடம் செய்துகொண்டு வருவார் தபால். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் வரிசையாக நிற்கும் பெண்களிடம் ஒப்பிப்பார்.

அதில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. “ஏத்தத்த மட்டும் சொன்னா சனம் எப்பிடிங்க ஐயா தாங்கும்? ஒரு எறக்கமும் சேத்துத்தான் சொல்லணும்” என்பார் என்னிடம். இறக்கம் பேப்பரில் இல்லாவிட்டால் அவரே தயாரிப்பார்.

முதல் சில வருடங்கள் பியானோவுக்கு வரி குறைந்தது. துரை பங்களா ஜன்னல் வழியே பியானோவைப் பார்த்திருந்தவர் அவர் ஒருவர்தான். “சீனி ஏறிருச்சு, பொகையில ஏறிருச்சு. ஆனா பியானோ எறங்கிருச்சு!” பெண்கள் தலையாட்டிவிட்டுக் கூடையைத் தூக்குவார்கள்.

ஒரு வருடம் மாரியாயி தலையாட்டவில்லை. கொழுந்தெடுப்பதிலும் வாய் பேசுவதிலும் எங்கள் மலையில் அவளுக்குத்தான் முதலிடம்.

“ஏன் தபாலண்ணே, வருசா வருசம் பியானோவத்தான் எறக்குவாங்களா? அத ஆக்கித் திங்கவா முடியும்?”

தபால் திகைத்துப்போனார். எதிர்க்கட்சி ஒன்றை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. குடையை விரித்தார், மடக்கினார்.

“அவசரப்படாத புள்ள. நான் இன்னும் முடிக்கல. கருவாடும் எறங்கியிருக்கு. ராத்தலுக்கு அஞ்சு சதம்.”

வந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது பெண்கள் டவுன் கடையில் போய் நின்றார்கள்.

“எந்தப் பட்ஜெட்டுல கொறச்சாங்க?” என்றார் முதலாளி.

“கொழும்பு பட்ஜெட்டுலதான். ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?”

முதலாளி அடுத்த கடைக்காரரிடம் விசாரிக்க ஓடினார். அவருக்கும் ஒன்றும் தெரியாது. அதை ஒப்புக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. “நான் காலையிலேயே கொறச்சிட்டேனே!” என்றார். மத்தியானத்துக்குள் கடைத்தெரு முழுக்கக் கருவாடு இறங்கிவிட்டது. மூன்று வாரம் சட்டத்துக்குப் பயந்து மலிவாக விற்றார்கள். அந்தச் சட்டம் ஒன்றுதான் இல்லை.

கொழும்பு மொத்த வியாபாரி பழைய விலைக்கே பில் அனுப்பியபோது குட்டு உடைந்தது. முதலாளி நேரே துரையிடம் வந்துவிட்டார். அரசாங்கத்தின் பேரில் பொய் சொன்ன ஆளைத் தோட்டத்தில் வைத்திருக்கக் கூடாது என்றார். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். தபாலுக்கு மனைவி, மூன்று பெண்பிள்ளைகள். விசாரணையை எழுத நான் உட்கார்ந்தேன்.

“நீ சொன்னதா?” என்றார் துரை.

“ஆமாங்க தொரைங்களே. கவருமெண்டுல மறந்துட்டாங்க. நான் சேத்துக்கிட்டேன்.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அதற்குள் வாசலில் சத்தம். மாரியாயி கூடையோடு நிற்கிறாள். பின்னால் மற்றப் பெண்கள்.

“அவரு சொல்லலீங்க. நாங்களே ரேடியோவுல கேட்டோங்க.”

“எந்த ரேடியோ?” லயத்தில் ரேடியோ இல்லை என்பது துரைக்கும் தெரியும்.

“கெட்டுப்போச்சுங்க தொரைங்களே. கருவாடு சொன்னதோட நின்னுபோச்சு.”

நாற்பது பேரும் இல்லாத ரேடியோவுக்குச் சாட்சி சொன்னார்கள். துரை ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் இருமினார். பிறகு தீர்ப்பு: தபால் வேலையில் இருக்கலாம். ஆனால் பட்ஜெட் பற்றி இனி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றைக்கே தோட்டத்தை விட்டுப் போக வேண்டியதுதான்.

அடுத்த வருடம் அரிசி ஏறியது. கொழுந்து லொறிக்காரர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். மடுவத்தில் பெண்கள் கூடையைத் தராசுக்கு நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். அரிசி என்றால் பேச என்ன இருக்கிறது? அந்த நேரம் பார்த்துத் தபால் மேலே ஏறி வந்து ஓரமாக நின்றார்.

“தபாலண்ணே,” என்றாள் மாரியாயி. குரலில் பழைய வம்பு இல்லை. “எறக்கம் ஒண்ணுமே இல்லீங்களா?”

அவர் தராசடியில் நின்ற கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயை இறுக்க மூடிக்கொண்டார். பிறகு பையை இறக்கி வைத்து, கம்பளியை விலக்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பத்து விரல்களாலும் காற்றில் தட்ட ஆரம்பித்தார்.

“பியானோ!” என்று கத்தினாள் மாரியாயி.

மடுவமே சிரித்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தவர்களும் இருந்தார்கள். நான் துரைக்கு ஒன்றும் எழுதவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லையே.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பட்ஜெட் அன்று பேப்பரில் அரிசி, மாவு, சீனி எல்லாம் பார்த்து முடித்த பிறகும் பக்கத்தை மூட மனம் வருவதில்லை. பியானோவைத் தேடுகிறேன். தபால் இருந்திருந்தால் எங்களுக்காக அதையாவது இறக்கியிருப்பார்.