காய்ச்சல் மட்டுமே வரும் தோட்டம்

இலங்கைத் திருநாட்டில் பெண்களுக்குப் புற்றுநோயே வராத தேயிலைத் தோட்டம் ஒன்று உண்டு. மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இருபத்தாறு வருட மரணப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். மார்பிலோ கருப்பையிலோ சூலகத்திலோ நோய் வந்து ஒரு பெண்கூட இங்கே சாகவில்லை. உலக மருத்துவம் இன்னும் எட்டாத இந்தச் சாதனையைச் செய்தவர் டாக்டர் அல்லர். தோட்ட ஆபீஸ் கிளாக்கராகிய அடியேன்.

ரகசியம் எளிது. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் ஆபீசில் வந்து சொல்ல வேண்டும். 'மரணத்திற்கான காரணம்' என்ற கட்டத்தை நான் நிரப்புவேன். தோட்ட மனேஜரான துரை கையெழுத்துப் போடுவார். பதிவாளர் முத்திரை குத்துவார். அந்தக் கட்டத்தில் பெண்களின் மறைவான உறுப்பு ஒன்றின் பெயரை எழுத, நல்ல குடும்பத்தில் பிறந்த எவனுக்கும் கை கூசும். ஆகவே 'காய்ச்சல்' என்று எழுதினேன். எழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. குடும்பக்கட்டுப்பாட்டு ஒப்பரேசன் புத்தகத்தில் எனக்கு இந்தக் கூச்சம் வந்ததில்லை. யாருக்கு, எந்தத் திகதியில், எத்தனை மணிக்குக் கருக்குழாய் வெட்டிக் கட்டப்பட்டது என்று அதில் விபரமாக இருக்கும். அந்தப் புத்தகத்தைத் தோட்டக் கம்பனி மாதாமாதம் கேட்டு வாங்கிப் பார்க்கும். கம்பனி கேட்டால் அது உறுப்பல்ல, 'இலக்கு'.

2004இல் கொழும்பிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. பெற்றோர் வழியாக இறங்கும் புற்றுநோய் மரபணு யாருக்கு இருக்கிறது என்று இரத்தத்தில் கண்டுபிடித்து, அந்தப் பெண்களைக் காலத்தோடு காப்பாற்றப் போகிறார்களாம். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஒதுக்கிவிட்டுக் கூட்டம் வைத்தோம். துரை தலைமை, நான் நன்றியுரை.

குழுவின் டாக்டர் லோஜனா யாழ்ப்பாணத்துக்காரர். "சொந்தக்காரருக்கு இப்பிடிப் புற்றுநோய் வருத்தம் வந்தவை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமி எழுந்தாள். வயது முப்பத்தாறு.

"அம்மாவுக்கு மாருல கட்டிங்க. ஒடஞ்சு ஒழுகி எட்டு மாசம் கெடந்தாங்க. சின்னம்மாவுக்கு அடிவயிறு. தண்ணி கட்டி, நெறமாசம் மாதிரி வீங்கித்தான் போய்ச் சேந்தாங்க. எனக்கும் ரெண்டு மாசமா அடிவயிறு உப்புசமா இருக்குங்க."

டாக்டரின் பேனா நின்றது. "எத்தினை வயசில?"

"அம்மாவுக்கு நாப்பத்தொண்ணு. சின்னம்மாவுக்கு முப்பத்தெட்டுங்க."

"மரணப் பத்திரத்தில என்ன வருத்தமெண்டு எழுதியிருக்கோ? எங்கட படிவத்துக்கு அது கட்டாயம் வேணும்."

நாகலெட்சுமி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எல்லாம் நம்ம ஐயா புஸ்தகத்துல இருக்குங்க. ஐயா ஒண்ணும் விட மாட்டாரு."

இந்த நம்பிக்கைக்காகத்தானே மனிதன் உத்தியோகம் பார்க்கிறான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தேன். ராசம்மா, வயது 41, காய்ச்சல். சண்முகவடிவு, வயது 38, காய்ச்சல்.

டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "எல்லாருக்கும் காய்ச்சலோ?"

"குளிர் நாடு மேடம்," என்றேன்.

"இவவின்ர அம்மாவுக்கு ஒப்பரேசன் ஏதும் செய்ததோ?"

"1983 மார்ச் பதினைந்து, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். கருத்தடை."

துரை பெருமையோடு தலையாட்டினார்.

டாக்டர் பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு, "நான் நம்புறன் தங்கச்சி. படிவம் நம்பாது," என்று சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். "ரத்தச் சோதனையைப் பிறகு பாப்பம். இந்தக் கிழமைக்குள்ள கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வயித்தை ஸ்கேன் பண்ணுங்கோ. பிந்த வேண்டாம்."

குழுவின் அறிக்கை வந்தது. 'பரம்பரை ஆபத்து: ஆதாரமில்லை.' கம்பனி அகமகிழ்ந்து, 'ஆரோக்கியத் தோட்டம்' என்று ஒரு கேடயம் கொடுத்தது. அதை என் நாற்காலிக்கு மேலே மாட்டினோம்.

கண்டிக்குப் போக நாகலெட்சுமிக்கு லீவு வேண்டும். லீவுப் பாரத்திலும் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவள் கொண்டுவந்து தந்த டாக்டர் கடிதத்தில் இருந்த உறுப்பின் பெயரைத் துரையின் மேசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தை என் மேசை லாச்சிக்குள் தள்ளி மூடிவிட்டு, 'காய்ச்சல்' என்று எழுதி அனுப்பினேன். காய்ச்சலுக்குக் கண்டி வரை போவானேன்? துரை அவளைத் தோட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இரண்டு பெனடோல் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று முறை பாரம் போட்டாள், மூன்று முறையும் பெனடோல். கடைசியில் லீவு இல்லாமல் அவளாகவே போனாள். அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருடம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், தன் காம்பராவிலேயே செத்தாள். சாவைச் சொல்ல மகள் ஜெயந்தினி வந்தாள். பதினெட்டு வயது, மஸ்கெலியாவில் உயர்தர வகுப்புப் படிக்கிறாள். கையில் கண்டி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு.

"காரணத்தைச் சரியா எழுதுங்க ஐயா. சூலகத்துல புத்துநோய்."

"பொம்பளப் புள்ள பேசுற பேச்சா இது?"

"பொம்பளப் புள்ளயா இருக்கிறதாலதான் கேக்கிறேன். நாளைக்கு அந்த ரத்தச் சோதனைப் படிவத்தோட நான்தான் நிக்கணும். எங்கம்மா எதுல செத்தாங்கன்னு அப்ப கேப்பாங்க."

நியாயமான பேச்சு. கேட்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அவள் சொல்லி முடிப்பதற்குள் கை தன் கடமையைச் செய்துவிட்டது. நாகலெட்சுமி, வயது 37, காய்ச்சல்.

ஜெயந்தினி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக்கூட்டுகிறவளைப் போல மெதுவாக வாசித்தாள். பிறகு அதற்குக் கீழே காலியாக இருந்த வரியில் விரலை வைத்தாள்.

"அப்படியே இதுல எம் பேரையும் எழுதி, காய்ச்சல்னு போட்டு வச்சிருங்க ஐயா. வயச மட்டும் அப்பறமாப் போட்டுக்கலாம்."