தேன் இல்லாத லாரி

ஒரு காட்டில் மலைப்பாதை போட்டார்கள். பாதை போட்டதும் செக்போஸ்ட் வந்தது, செக்போஸ்ட் வந்ததும் வம்பு வந்தது. போன மாதம் பெயர் சொல்லாத யாரோ போனில் போட்டுக்கொடுத்ததை நம்பி முயலின் வண்டியை மறித்த இன்ஸ்பெக்டர் கரடி, நீதிபதி சிங்கத்திடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து மூன்று விதி. துப்புக் கொடுப்பவர் பெயர் சொல்ல வேண்டும், கண்ணால் பார்த்திருக்க வேண்டும், சொல்வது நம்பும்படி இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வண்டியைத் தொடக்கூடாது.

இதெல்லாம் தெரியாத ஆமை சடையாண்டி, பாவம், பூசணிக்காய் லாரியோடு பன்னிரண்டு வளைவு இறங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் வளைவில் பிரேக் கைவிட்டது. அடிவாரத்தில் செக்போஸ்ட். அதைத் தாண்டினால் சந்தை, சந்தை நிறையக் குஞ்சு குளுவான்கள். ஆமைக்கு ஓட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. செக்போஸ்ட்டுக்குப் போன் போட்டு, ஒரு லாரி கண்மண் தெரியாமல் வருகிறது, பாதையில் வைக்கோலைக் குவித்து நிறுத்துங்கள் என்று கெஞ்சினார்.

கரடி நிதானமாகப் பெயர் கேட்டார். ஆமை சொன்னார். கண்ணால் பார்த்தீரா என்றார். பார்ப்பதென்ன, ஓட்டுவதே நான்தான் என்றார் ஆமை.

"ஆமை வேகமாப் போகுதுன்னு எழுதினா சிங்கம் என்னைப் பிச்சு மேஞ்சிடும்யா. மூணாவது விதி இடிக்குது," என்று கரடி போனை வைத்துவிட்டார்.

ஏழாம் வளைவு போயிற்று. எட்டும் போயிற்று. ஆமைக்கு அழுகையும் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட வேகம் இன்றுதான் கிடைத்திருக்கிறது, அதை நம்பத்தான் ஆளில்லை. ஒன்பதாம் வளைவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழைத்தார்.

"சார், ஒரு லாரி வருது. உள்ளே கடத்தல் மலைத்தேன். நாப்பது டின்."

கரடி பெயர் கேட்கவில்லை, பார்த்தீரா என்றும் கேட்கவில்லை. செக்போஸ்ட் வைக்கோல், யானைக் கான்ஸ்டபிளின் மெத்தை, தன் சொந்தத் தலையணை எல்லாவற்றையும் தானே இழுத்து வந்து பாதையில் குவித்தார். லாரி அதில் பொத்தென்று புதைந்து நின்றது. சந்தை பிழைத்தது, ஆமையும் பிழைத்தார்.

கரடி பூசணிக்காய்களை ஒன்று விடாமல் முகர்ந்து பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. பிறகு நோட்டை எடுத்து வழக்கு எழுதினார்: தேன் இல்லாமல் லாரி ஓட்டிய குற்றம்.

நீதி: துப்பு உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, கேட்கிறவருக்கு நாக்கில் எச்சில் ஊற வேண்டும்.