சம்பந்தி கரையேறிய விவரம்

உச்சிப்புளி,
ஐப்பசி, அடைமழைக்குக் காத்திருக்கும் ஒரு வியாழன்.

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை மாரிச்செல்வம் அவர்களுக்கு, மாமா பூமிநாதன் ஆசி கூறி எழுதுவது. இங்கே உயிரோடு இருக்கிறவர்கள் அனைவரும் சுகம். துபாயில் நீங்களும் என் மகள் யுவராணியும் பேத்தியும் அவ்வண்ணமே இருக்க ராமநாதசுவாமி துணை. உயிரோடு இல்லாத ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பக்கத்தில் நிற்கும் யுவராணி காதில் விழும், அவள் பயந்த சுபாவம், ஆகவே உங்கள் கம்பெனி முகவரிக்கே எழுதுகிறேன். தங்கள் தகப்பனாரும் என் சம்பந்தியுமான காலஞ்சென்ற கோட்டைச்சாமி அவர்கள் ஒரு மாத காலமாக நம் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருக்கிறார். 'காலஞ்சென்ற' என்று போடுவது இலக்கணப்படி இனிச் சரிதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் முதலில் இருந்து சொல்கிறேன். ஆறு கடலில் விழுவதற்குச் சற்று முன்னால் கட்டியிருக்கிற தடுப்பணை உங்களுக்குத் தெரியும். அதன் வாசலில் ஒரு பலகை வைத்து, நோக்கத்துக்குக் கால் போடாமல் 'அணையின் நேக்கங்கள்' என்று எழுதியிருந்தார்கள். ஒன்று, கடல்நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுத்தல். இரண்டு, மழைநீரைத் தேக்கி ஊர்க் கிணறுகளைக் காத்தல். மூன்று, பொதுமக்கள் பொழுதுபோக்கு. மூன்றாவதற்காக ஒரு சிறுவர் பூங்காவும், வடைக் கடையும், கீழக்கரை வாவு முகம்மது ஓட்டுகிற நாலு பேர் படகும் இருக்கின்றன. ஆயுள் முழுக்கத் தமிழ் வாத்தியாராக இருந்தவன் கண்ணில் அந்த நேக்கம் பட்டால் சும்மா இருக்க முடியுமா? அணையைப் பார்க்கிற உதவிப் பொறியாளர் ஹமீதா பானு, தங்கமான பிள்ளை, அவளிடம் போய்ச் சொன்னேன். போன இடத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பும் காதில் விழுந்தது. அணையின் ஷட்டர் கதவை அசைப்பதற்கு முன்னாலும், சாயங்காலம் பூங்காவை மூடும்போதும், 'ஆற்றில் உள்ளவர்கள் வெளியேறவும்' என்று சொல்ல வேண்டுமாம். வெளியேறு என்பது வாடகை தராதவனைச் சொல்கிற சொல், தண்ணீரில் நிற்கிறவனைச் சொல்ல வேண்டிய சொல் கரையேறு என்றேன். "அப்ப நீங்களே சொல்லுங்க ஸார், ஒங்க கொரல் நல்லா கணீர்னு இருக்கு" என்று மைக்கை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். எனக்கும் பொழுது போக வேண்டுமே, வாங்கிக்கொண்டேன்.

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும், கோபப்படக் கூடாது. உங்கள் அய்யா தவறியபோது அஸ்தியை ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் கரைப்பதாகத்தான் பேச்சு. பாம்பன் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை, உங்களுக்கு மதுரையில் விமானம். "எல்லா ஆறும் கடலுக்குத்தானே போகுது மாமா" என்று சொல்லி, இங்கனயே ஆற்றில் கரைத்துவிட்டுப் போனீர்கள். மாப்பிள்ளை சொல்லுக்கு எதிர்ச்சொல் ஏது, நானும் சரியென்றேன். எல்லா ஆறும் கடலுக்குப் போகும் மாப்பிள்ளை, நம் ஆறு போகாது. அது கடலைக் கண்ணால் பார்ப்பதே பல வருடத்துக்கு ஒரு தடவை. அதற்கும் மேலே, நீங்கள் கரைத்தது அணைக்கு மேல்புறம். ஷட்டர் அன்றைக்கு மூடினது மூடினபடியே இருக்கிறது.

நான் மைக் பிடித்த முதல் நாள் மழைத்தூறல், ஒரு குருவி இல்லை. இருந்தாலும் கடமை கடமைதானே, "ஆற்றுக்குள் இருப்பவர்கள் அனைவரும் உடனே கரையேறுக!" என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லி முடித்தபோது, ஆடாமல் கிடந்த தண்ணீரின் நடுவில் ஒரு வளையம் விழுந்தது. மீன் என்று நினைத்தேன். மீன் என்றால் வளையம் விரிந்து அடங்கும். இது படிக்கட்டை நோக்கி நடந்து வந்தது. படியில் ஈரக் கால்தடம் ஒன்று விழுந்தது, அடுத்த படியில் இன்னொன்று. வலது கால் முழுத் தடம், இடது காலில் முன்பாதம் மட்டும். ஆழ்துளைக் குழாய் குதிகாலில் விழுந்த நாளிலிருந்து அப்படி ஊன்றி நடந்தவர் இந்த வட்டாரத்தில் ஒரே ஆள்தான். தடம் என்னைக் கடந்துபோய் சிமெண்டு பெஞ்சில் முடிந்தது, பெஞ்சில் ஓர் ஆள் அகலத்துக்கு ஈரம் பரவியது, மூக்குப்பொடி வாசனை வந்தது. என் கையில் பாதி கடித்த வடை. பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டது:

"என்ன சம்பந்தி, வடையில உப்புப் பத்தலயே."

சத்தியமாகச் சொல்கிறேன், பயம் போய்விட்டது, கோபம் வந்துவிட்டது. உங்கள் கல்யாணப் பந்தியில் ரசத்தில் உப்பு இல்லை என்று ஆரம்பித்த மனிதர். நல்லது பொல்லது எதில் சந்தித்தாலும் அதே பாட்டு. கடைசியாக ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதுகூட, கஞ்சி கொண்டுபோன உங்கள் அத்தையிடம் அதையேதான் சொன்னார். செத்தும் விடவில்லை என்றால் என்ன மனிதர்?

அதற்குப் பிறகு நடந்த கூத்துகளைச் சொன்னால் பக்கம் போதாது. ஹமீதா பானு ஈரத்தடத்தைப் பார்த்துவிட்டு, "ஸார், இது கசிவு, ஷட்டர் ரப்பர் போயிருக்கு" என்று மேலிடத்துக்கு எழுதிப்போட, தலைக்கவசம் போட்ட பொறியாளர் கூட்டம் ஒன்று வந்து அணையை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்து, சொட்டுக் கசிவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வடை தின்றுவிட்டுப் போனது. வாவு முகம்மது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாத்தியாரே, நாலு பேர ஏத்துறேன், அஞ்சு பேரு பாரத்துக்குப் படகு தாழுது. எறங்குறப்ப நாலு பேருதான் எறங்குறாங்க. நான் பிஸ்மி சொல்லாம துடுப்பத் தொடுறதே இல்ல" என்றான். கொக்கியில் மாட்டிய உயிர்காக்கும் சட்டைகளில் ஒன்று மட்டும் தினமும் நனைந்திருக்கிறது. செத்த பிறகும் பாதுகாப்பு விதியைக் கடைப்பிடிக்கிற ஒரே ஆள் உங்கள் அய்யாதான்.

பிறகு ஒரு நாள் தடம் என் பின்னாலேயே வீடுவரை வந்துவிட்டது. உங்கள் அத்தை உமாமகேஸ்வரி கத்துவாள் என்று பார்த்தேன். நனைந்த நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சம்பந்திய்யா வந்திருக்காக. வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லாம மரம் மாதிரி நிக்கிறீக" என்று எனக்குத்தான் திட்டு. தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் காப்பி அந்த நாற்காலிக்கு முன்னால் வைக்கிறாள். குடிப்பதில்லை. ஆனால் வைத்ததும் ஆறிவிடுகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. உப்புப் பேச்சு ஓய்ந்ததும் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி கேட்கிறார்: "கடலு எந்தப் பக்கம் சம்பந்தி? நானும் போயிப் போயிப் பாக்குறேன், கதவு சாத்தியிருக்கே." ஒரு விவசாயி, யாரிடமும் வழி கேட்டுப் பழக்கமில்லாத ஆள், அந்தக் குரலில் கேட்பதைக் கேட்க முடியவில்லை மாப்பிள்ளை. அங்கே அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில்தான் கடல் இருக்கிறது. சத்தம் கேட்கிறது, போக வழியில்லை.

கரையேற்றுவது பிள்ளையின் கடமை என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் ஒரு வாத்தியார், மைக்கில் அந்தச் சொல்லைச் சொன்னதும் அவர் நிஜமாகவே கரையேறிவிட்டார். தண்ணீரில் இருப்பவன் ஏறுகிற கரை வேறு, போனவர் ஏற வேண்டிய கரை வேறு. இப்போது மேலே தேனிப் பக்கம் நல்ல மழை, சீக்கிரம் தண்ணீர் வந்துவிடும், ஷட்டரைத் திறக்க வேண்டியிருக்கும் என்கிறாள் ஹமீதா பானு. திறந்தால் அவர் போய்விடலாம். ஆனால் திறப்பதற்கு முன்னால் அறிவிப்புச் செய்தாக வேண்டும், அணைக்குக் கீழே வலை வீசுகிறவர்களும் குளிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான் கரையேறுக என்றால் எல்லாருக்கும் முன்னால் உங்கள் அய்யாதான் மேலே வந்து பெஞ்சில் உட்காருவார். கதவு திறந்து மூடிய பிறகு மறுபடியும் அதே கேள்வி. "உயிரோடு இருப்பவர்கள் மட்டும் கரையேறுக" என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தது.

ஆகவே மாப்பிள்ளை, எப்படியாவது விடுப்புக் கேட்டு வாருங்கள். அக்னி தீர்த்தத்தில் முறைப்படி திதி கொடுத்து அய்யாவைக் கரைசேர்த்துவிடுங்கள். பேத்தியைப் படகு சவாரிக்கு மட்டும் அழைத்து வர வேண்டாம், ஏற்கெனவே பாரம் அதிகம். யுவராணிக்கு என் ஆசி. பேத்திக்கு உங்கள் அத்தையின் முத்தம். சமையலில் உப்பு அளவாகப் போடச் சொல்லவும், அது பரம்பரையாக வருகிற விஷயம்.

இப்படிக்கு,
தங்கள் மாமா,
பூமிநாதன்.

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், விடுப்பும் கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷட்டர் திறந்தார்கள். மைக்கைப் பிடித்தபோது எனக்குத் தமிழ் எல்லாம் மறந்துவிட்டது. "எல்லாரும் மேல வாங்கப்பா, தண்ணி வருது! கோட்டச்சாமி சம்பந்தி, நீங்க மட்டும் அங்கனயே நில்லுங்க! கதவு தொறக்குறாக, சத்தத்தப் பிடிச்சே நேராப் போங்க!" என்று கத்திவிட்டேன். ஊரே கேட்டது. கீழே நின்றவர்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்தார்கள். இவ்வளவு வேகமாக ஆற்றைக் காலி செய்தது இதுவே முதல் தடவை என்று ஹமீதா பானுவுக்குப் பாராட்டு. பெஞ்சு காய்ந்தே இருந்தது. நான் கொஞ்சம் அழுதேன், அதை யுவராணியிடம் சொல்ல வேண்டாம். அன்று சாயங்காலம் உங்கள் அத்தை வைத்த காப்பி வெகுநேரம் சூடாகவே இருந்தது.

இன்னொரு பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள், இன்று காலை வடை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனேன். நனைந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், கடல் உப்பு. கடல்நீரைத் தடுத்தல் என்று பலகையில் எழுதிய முதல் நோக்கம் போயிற்று. ஆக, போய்ச் சேர்ந்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார், அவர் தேடியது கடலை இல்லை. "இன்னும் என்ன சம்பந்தி?" என்றேன்.

"பய எப்ப வாரான்?" என்றார்.

உடனே புறப்பட்டு வாருங்கள் மாப்பிள்ளை. நான் வடை முழுவதும் தின்று முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்தார், உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.